ஹெரால்டு, மோரிஸ் மைனர் கார்களுக்கு மாற்று வீல்: அளவெடுப்பதிலிருந்து மலை ஏற்றுவது வரை முழுமையான வழிகாட்டி

பழைய பிரிட்டிஷ் காருக்கு வீல் தேடுகிறவர்களில் பாதிப் பேர் தவறான முனையிலிருந்து தொடங்குகிறார்கள். எங்கோ ஒரு செட் கண்ணில் படுகிறது, நாலு ஓட்டை இருக்கிறது, விலையும் படிகிறது, வாங்கிவிடுகிறார்கள். வீட்டுக்கு வந்த பிறகு ஸ்டட்டில் (வீல் நட்டு ஏறும் போல்ட்டில்) உட்காரவில்லை. உட்கார்ந்தால் அந்த ரிம்முக்கு டயர் இல்லை. டயர் கிடைத்தால் பாடியில் உரசுகிறது.

வரிசை இதற்கு நேர் எதிரானது. முதலில் டயர், அடுத்து ரிம் அகலம், பிறகு காரின் அளவுகள், கடைசியில்தான் வீல். கோவை, ஈரோடு, சேலம் பக்கம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் ஸ்டாண்டர்ட் ஹெரால்டையும் மோரிஸ் மைனரையும் வைத்தே இங்கே எல்லாக் கணக்கும் சொல்லப்பட்டிருக்கிறது. மற்ற கார்களுக்கும் முறை இதுதான், எண்கள்தான் மாறும்.

1. தொடங்கும் முன் எடுத்து வைக்க வேண்டியவை

150 மி.மீ. வெர்னியர், 300 மி.மீ. இரும்பு ஸ்கேல், வளையாத 600 மி.மீ. பட்டைக் கம்பி ஒன்று, மரை கேஜ் (அங்குல அளவும் மெட்ரிக் அளவும் சேர்ந்தது), டார்க் ரெஞ்ச் (இறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பேனர்), இரண்டு ஆக்ஸில் ஸ்டாண்டு, ஒரு உருண்டை களிமண். காரின் மேனுவல் இருந்தால் நல்லது. ஆனால் மேனுவலை மட்டும் நம்பி வாங்கக் கூடாது. ஐம்பது, அறுபது வருடத்தில் எத்தனையோ பட்டறை பார்த்த வண்டி அது. ஹப்பும் (வீல் உட்காரும் அச்சுமுனை) ஸ்டட்டும் மாறியிருக்கலாம், நான்கு மூலையும் ஒரே மாதிரி இல்லாமலும் போகலாம்.

2. டயரை முதலில் முடிவு செய்யுங்கள்

2020 ஜூனிலிருந்து கார் டயர் இறக்குமதி கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கிறது. இங்கிலாந்திலிருந்து நாலு டயர் வரவழைத்துக்கொள்ளலாம் என்று நினைத்து அபூர்வ அளவு ரிம் வாங்கினால், ரிம் மட்டும்தான் மிஞ்சும். அதனால் இந்திய டயர் கடையில் இன்றும் நாளையும் கிடைக்கும் அளவிலிருந்து தொடங்குங்கள்.

ஹெரால்டுக்கு முதலில் வந்தது 5.20-13 (5.20 அங்குல அகல டயர், 13 அங்குல ரிம்). அதன் வெளிவிட்டம் சுமார் 580 மி.மீ. 155/80 ஆர்13 டயரின் (155 மி.மீ. அகலம், பக்கச் சுவர் உயரம் அதில் 80 சதவீதம், ஆர் என்றால் ரேடியல், 13 அங்குல ரிம்) வெளிவிட்டம் 578 மி.மீ. சிறிய கார்களுக்காக இங்கே சாதாரணமாக விற்கிற அளவு இது. ஸ்பீடாமீட்டர் மாறாது, கியர் விகிதம் மாறாது. சிக்கல் ஒன்றுதான்: ஹெரால்டின் பழைய ரிம் 3.5 அங்குல அகலம், 155 டயருக்குக் குறைந்தது 4 அங்குலம் வேண்டும், பொருத்தமானது 4.5. குறுகிய ரிம்மில் அகல டயரை ஏற்றினால் பக்கச் சுவர் உப்பி நிற்கும், வளைவில் வண்டி நழுவுகிற மாதிரி இருக்கும், டயரின் நடுப்பகுதி மட்டும் தேயும்.

ஆகவே ஹெரால்டுக்குத் தேட வேண்டியது 13 அங்குல விட்டம், 4.5 அங்குல அகலம் உள்ள வீல். பிந்தைய டிரயம்ப் ஸ்பிட்ஃபயர் காரில் வந்தது அதுதான், ஸ்டட் வட்டமும் ஹெரால்டினுடையதே. என்னைக் கேட்டால் ஹெரால்டுக்கு இதைவிட நல்ல தீர்வு வேறில்லை.

மைனருக்குக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். 5.20-14 டயரின் வெளிவிட்டம் சுமார் 607 மி.மீ. கடையில் எளிதாகக் கிடைக்கும் 175/65 ஆர்14-இன் வெளிவிட்டம் 583 மி.மீ.தான், அதற்கு 5 அங்குல ரிம்மும் வேண்டும். வெளிவிட்டம் 4 சதவீதம் குறைவதால் எஞ்சின் அந்த அளவுக்குக் கூடுதலாகச் சுற்றும், ஸ்பீடாமீட்டரும் கூட்டிக் காட்டும். 165/80 ஆர்14 போட்டால் வெளிவிட்டம் 620 மி.மீ. ஆகிறது, பின் விங்கில் (மட்கார்டில்) இடம் போதாது. மைனருக்குச் சரியானவை 145 அல்லது 155 அகலத்தில் 80 வரிசை ரேடியல்கள். இவை எல்லாக் கடையிலும் இருக்காது. டயருக்குச் சொல்லி வைத்து, அது கையில் வந்த பிறகே ரிம் தேடுங்கள்.

பழைய ஸ்டாக் டயர் கிடைத்தால் பக்கச் சுவரில் உள்ள நான்கு இலக்கத் தேதியைப் பாருங்கள். 2321 என்றால் 2021-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். பட்டன் ஆழமாக இருந்தாலும் ஆறேழு வருடம் கிடங்கில் கிடந்த டயர் வேண்டாம், ரப்பர் இறுகியிருக்கும்.

3. ஸ்டட் வட்டத்தை அளப்பது

பி.சி.டி. என்று கடைக்காரர்கள் சொல்வது, ஸ்டட்களின் மையங்கள் வழியாகப் போகும் வட்டத்தின் விட்டம். ஆளுக்கு ஆள் தடுமாறும் இடம் இதுதான், பொறுமையாகச் செய்யுங்கள்.

நாலு ஸ்டட் ஹப்பில் எதிரெதிர் ஸ்டட்களின் வெளி விளிம்பிலிருந்து வெளி விளிம்பு வரை வெர்னியரால் அளந்து, ஒரு ஸ்டட்டின் தடிமனைக் கழியுங்கள். ஹெரால்டில் 95.25 மி.மீ. வரும், அதாவது 3¾ அங்குலம். மைனரில் 101.6 மி.மீ., அதாவது 4 அங்குலம். நடுவில் ஹப் மூடி இடித்தால் அடுத்தடுத்த இரண்டு ஸ்டட்களின் மைய இடைவெளியை அளந்து 1.414-ஆல் பெருக்குங்கள். ஐந்து ஸ்டட் என்றால் எதிர் ஸ்டட் கிடையாது, பக்கத்து இடைவெளியை 1.701-ஆல் பெருக்க வேண்டும்.

இப்போது ஆபத்தான பகுதி. இன்றைய சிறிய கார்களில் நிறைய 100 மி.மீ. வட்டம். ஃபியட் வழி வந்த வீல்கள் 98. மைனருக்கு 101.6. கண்ணால் பார்த்தால் மூன்றுக்கும் வித்தியாசம் தெரியாது. 100 மி.மீ. வீலை மைனரில் வைத்தால் ஸ்டட் ஓட்டைக்குள் போய்விடும், நட்டும் ஏறும். "உக்காந்துக்குமுங்க, இறுக்குனா சரியாப் போயிரும்" என்று சொல்வார்கள். இறுக்கினால் ஒவ்வொரு ஸ்டட்டும் 0.8 மி.மீ. உள்நோக்கி வளைந்து நிற்கும். கூம்பு நட்டு ஒரு பக்கம் மட்டும் கடித்திருக்கும். ஓட ஓட நட்டு தளரும், அல்லது வளைந்த ஸ்டட் களைத்து உடையும்.

95.25-க்கும் 98-க்கும் இதே கதைதான். ஓட்டையைத் துருவிப் பெரிதாக்குவதும், பழைய ஓட்டைக்கு அருகிலேயே புதிதாகத் துளையிடுவதும் கூடவே கூடாது. இரண்டு மி.மீ. தள்ளி போடும் துளை பழைய துளையோடு சேர்ந்துவிடும், நட்டு உட்காரும் கூம்பே போய்விடும்.

இரண்டு வட்டங்களை இணைக்கும் அடாப்டர் தட்டு போடலாமா என்று பலரும் கேட்கிறார்கள். நம்பத் தகுந்த அடாப்டருக்கு 20 மி.மீ.க்குக் குறையாத தடிமன் வேண்டும். அவ்வளவு வீல் வெளியே தள்ளினால் ஸ்டியரிங் கனக்கும், முன் பேரிங் சீக்கிரம் போகும், டயர் மட்கார்டுக்கு வெளியே நிற்கும். ஆர்.சி. புதுப்பிக்கப் போகும்போது அது கேள்வியாகவும் வரும். அடாப்டர் வேண்டாம்.

4. மரையைச் சரிபார்ப்பது

இரண்டு கார்களுக்கும் ஸ்டட் 3/8 அங்குல யு.என்.எஃப். (அங்குல அளவில் நுண் மரை), அங்குலத்துக்கு 24 மரை. கேஜை ஸ்டட்டின் மேல் வைத்து வெளிச்சத்தில் பாருங்கள். இடையில் வெளிச்சம் தெரிந்தால் அது வேறு மரை. நான்கு மூலையிலும் உள்ள 16 ஸ்டட்டையும் பார்க்க வேண்டும்.

எம்10 (10 மி.மீ. மெட்ரிக்) நட்டு 3/8 ஸ்டட்டில் ஒன்றிரண்டு சுற்று ஏறிப் பிறகு இறுகும். ஸ்பேனரில் இறுக்கம் தெரிவதால் சரியாகிவிட்டது என்று நினைப்பார்கள், அந்த இறுக்கம் மரை நசுங்குவதால் வந்தது. 7/16 ஸ்டட்டுக்கு மாற்றிய வண்டியில் எம்12 நட்டு இதைவிட மோசம். அது கையாலேயே முழுசாக ஏறிவிடும், பிடி மட்டும் இருக்காது.

நட்டு ஏறும் ஆழத்துக்கு ஒரு கணக்கு: ஸ்டட்டின் தடிமன் அளவுக்காவது மரை பிடிக்க வேண்டும். 3/8 ஸ்டட்டில் அது 9 முழுச் சுற்று. அலாய் வீலின் நடுப்பகுதி தடிமன் என்பதால் பழைய ஸ்டட் நீளம் பெரும்பாலும் போதாது. அப்போது நீள ஸ்டட் போட வேண்டும், அல்லது அந்த வீலுக்கென்றே வரும் கழுத்து நீண்ட நட்டு வேண்டும்.

5. ரிம் விட்டம், அகலம், ஆஃப்செட்

ரிம்மின் வெளி விளிம்பில் டேப் பிடிக்காதீர்கள். 14 அங்குல ரிம்மின் வெளி விளிம்பு 390 மி.மீ. வரும், அதாவது 15 அங்குலத்துக்கும் மேலே. இதை நம்பி 15 அங்குல டயர் வாங்கியவர்கள் உண்டு. பெயரளவு விட்டம் என்பது டயரின் விளிம்பு உட்காரும் மேடையில் அளப்பது. அகலமும் அப்படித்தான்: இரண்டு விளிம்புச் சுவர்களின் உட்பக்க இடைவெளி. பல ரிம்களில் இந்த அளவு முத்திரையாகக் குத்தப்பட்டிருக்கும். துருவைக் கம்பி பிரஷால் தேய்த்துப் பாருங்கள்.

ஆஃப்செட் என்பது ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து ஹப்பில் உட்காரும் முகம் எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பது. அதை அளக்க வீலைக் குப்புறப் போடுங்கள், உள்பக்கம் மேலே இருக்கட்டும். பட்டைக் கம்பியை ரிம்மின் குறுக்கே வைத்து, கம்பியிலிருந்து ஹப்பில் உட்காரும் முகம் வரை ஆழத்தை அளக்கவும். அதிலிருந்து வீலின் மொத்த அகலத்தில் பாதியைக் கழித்தால் ஆஃப்செட். 4.5 அங்குல ரிம்மின் மொத்த அகலம் சுமார் 140 மி.மீ., பாதி 70. ஆழம் 95 என்றால் ஆஃப்செட் கூட்டல் 25.

பழைய வீலையும் புது வீலையும் இதே மாதிரி அளந்து பக்கத்தில் எழுதுங்கள். ஆஃப்செட் ஒன்றாகவே இருந்து ரிம் 3.5-இலிருந்து 4.5-ஆகக் கூடினால், உள்ளே 12.7 மி.மீ., வெளியே 12.7 மி.மீ. வரும். உள்ளே அத்தனை இடம் இருக்கிறதா என்பதைக் காரில் பார்த்துவிட்டுத்தான் பணம் கொடுக்க வேண்டும்.

6. ஹப்பும் டிரம்மும் இடிக்கிறதா

முன் ஹப்பின் கிரீஸ் மூடி வீலின் நடு ஓட்டைக்குள் தாராளமாகப் போக வேண்டும். டிரம்மைப் பிடிக்கும் தட்டைத் தலை ஸ்க்ரூ முகத்துக்கு மேலே தலை நீட்டினால் வீல் சாய்ந்து உட்காரும். முன்னால் டிஸ்க் பிரேக் மாற்றியிருந்தால் பழைய அளவு எதுவும் செல்லாது, கேலிப்பருக்கும் (டிஸ்க்கைக் கவ்வும் பகுதி) ரிம்முக்கும் நடுவே 3 மி.மீ.யாவது இருக்கிறதா என்று பாருங்கள்.

7. எங்கே தேடுவது

முதலில் அதே வகைக் கார்கள் கிடக்கும் இடங்கள். பொள்ளாச்சி, கோபி, தாராபுரம் பக்கம் தோட்டத்துச் சாளைகளில் ஓடாத வண்டிகள் இருக்கின்றன. ஆள் விட்டுக் கேட்டால் வீல் மட்டும் கிடைக்காது, வண்டியாகத்தான் தருவார்கள். சில நேரம் அதுவே லாபம். அடுத்தது கோவை உக்கடத்துப் பழைய சாமான் கடைகள். ஹெரால்டு சென்னையில் தயாரான கார் என்பதால் அதற்குப் புதுப்பேட்டையும் ஒரு நடை பார்க்கத் தகுந்தது. விண்டேஜ் கார் வைத்திருப்பவர்களிடம் சொல்லி வைப்பது எல்லாவற்றையும்விடப் பலன் தரும். கழற்றிப் போட்ட ஒரு செட் யாரிடமாவது இருக்கும்.

தூரத்திலிருந்து வாங்கினால் மூன்று படம் கேளுங்கள்: உள்பக்கம் முழுதாக, ஓட்டைகளின் குறுக்கே ஸ்கேல் வைத்து, நட்டு உட்காரும் கூம்பு அருகிலிருந்து. மூன்றாவது படத்தை அனுப்பத் தயங்கினால் அந்த வீலை விட்டுவிடலாம்.

இங்கிலாந்திலிருந்து வரவழைப்பதென்றால் புதிய வீலாகப் பாருங்கள். பயன்படுத்திய பொருள் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு உண்டு. பணம் அனுப்பும் முன் சுங்க ஏஜென்ட்டிடம் பேசிவிடுங்கள். எடைக்குச் சரக்குக் கட்டணம், அதன் மேல் சுங்க வரி, அதன் மேல் ஜி.எஸ்.டி. என்று ஏறும்.

நம் ஊர் லேத்துப் பட்டறைகளில் பழைய வீலின் நடுத் தட்டை எடுத்து அகல ரிம்மில் பற்றவைத்துத் தருவதும் நடக்கிறது. முறையாகச் செய்தால் தாங்கும். முறை என்றால்: ரிம்மின் உட்பக்கத்தைக் கடைந்து தட்டை அழுத்தி ஏற்ற வேண்டும், நாலு இடத்தில் புள்ளிப் பற்று வைத்து ஆட்டத்தை டயல் கேஜில் (நுண்ணிய ஆட்டத்தை முள்ளால் காட்டும் கருவி) பார்க்க வேண்டும், பிறகு எதிரெதிர்ப் பக்கமாகச் சிறு சிறு துண்டாகப் பற்றவைக்க வேண்டும். ஒரே மூச்சில் சுற்றிப் பற்றவைத்தால் சூட்டில் கோணும். டயல் கேஜ் இல்லாத பட்டறையில் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள்.

நாலு போதாது, ஐந்தாக வாங்குங்கள். ஸ்டெப்னி பழைய அளவில் இருந்தால் பஞ்சரான அன்று ஒரு மூலை மட்டும் வேறு உயரத்தில் ஓடும். ஸ்டெப்னி வைக்கும் குழிக்குள் புது டயர் இறங்குகிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம்.

8. பழைய வீலைச் சோதிப்பது

வெளியே மின்னும் பெயிண்ட்டைப் பார்க்க வேண்டாம், உள்பக்கம் திருப்புங்கள். நட்டுக் கூம்பு வட்டமாக இருக்க வேண்டும். முட்டை வடிவத்தில் இழுபட்டிருந்தால் தளர்ந்த நட்டோடு ஓடியது என்று பொருள், அந்த வீலைச் சரிசெய்ய முடியாது. கூம்பைச் சுற்றியும், நடுத் தட்டு ரிம்மோடு சேரும் பற்றவைப்பிலும் விரிசல் தேடுங்கள். துருக்கோடு மாதிரி மெல்லியதாகத் தெரியும். சந்தேகம் வந்தால் டை பெனட்ரன்ட் ஸ்ப்ரே வாங்குங்கள். பம்ப், வார்ப்பட வேலை நடக்கும் ஊர் என்பதால் கோவையின் இன்ஜினியரிங் சாமான் கடைகளில் கிடைக்கும். சிவப்பை அடித்து, 10 நிமிடம் விட்டுத் துடைத்து, வெள்ளையை அடித்தால் விரிசல் சிவப்புக் கோடாக மேலே வரும்.

ஆட்டம் பார்க்க வீலை உங்கள் காரின் முன் ஹப்பில் மாட்டி, பேரிங்கைச் சரியாக வைத்து, ஸ்டாண்டில் ஒரு முள்ளை நிறுத்திச் சுற்றுங்கள். டயர் உட்காரும் மேடையில் மேல்-கீழ், பக்கவாட்டு ஆட்டம் இரண்டும் 1.5 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். விளிம்பில் மட்டும் சிறு நெளிவு இருந்தால் தட்டி எடுக்கலாம், மேடையே கோணியிருந்தால் வேண்டாம்.

ஸ்போக் வீல் என்றால் வேறு சோதனை. ஹப்பில் மாட்டி, பிரேக்கை ஒருவர் மிதிக்க, வீலின் உச்சியைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டுங்கள். 'டிக்' என்ற சத்தம் வந்தால் உள்பல் தேய்ந்தது. தேய்ந்த ஹப்பில் புது வீல் போட்டால் புது வீலும் தேயும். காது வைத்த நடு நட்டை இடம் வலம் மாற்றி மாட்டக் கூடாது, ஓட ஓடத் தானே கழன்றுவிடும்.

9. பவுடர் கோட்டிங்

மணல் அடித்துப் பவுடர் கோட்டிங் கொடுப்பது நல்ல வேலை. ஆனால் ஹப்பில் உட்காரும் முகத்தையும் நட்டுக் கூம்புகளையும் மறைத்துவிட்டு அடிக்கச் சொல்லுங்கள். எழுதிக் கொடுத்தால் இன்னும் நல்லது. அந்தப் பூச்சு தடிமனானது, முறுக்கில் நசுங்கும். நசுங்கியவுடன் நட்டின் பிடி குறையும். புதுப் பெயிண்ட் வீலில் நட்டு கழல்வதற்கு முதல் காரணம் இதுதான்.

10. மாட்டிப் பார்ப்பது

ஒரே ஒரு வீலுக்கு டயர் ஏற்றி, நான்கு மூலையிலும் மாற்றி மாற்றி மாட்டிப் பாருங்கள். ஐந்தும் ஏற்றிவிட்டுப் பார்த்தால் திருப்பிக் கொடுக்க முடியாது.

ஹெரால்டில் ஒரு கவனம். அதன் பின் ஆக்ஸில் ஊஞ்சல் வகை. ஜாக்கியில் தூக்கினால் வீலின் அடிப்பக்கம் உள்நோக்கி மடங்கும், அந்த நிலையில் தெரியும் இடைவெளி பொய். வண்டியைத் தரையில் இறக்கி, சில அடி முன்னும் பின்னும் உருட்டி, பின் சீட்டில் இரண்டு பேரை உட்கார வைத்துப் பாருங்கள். விங்கின் உள் விளிம்பில் களிமண் ஒட்டி மெதுவாக ஒரு வேகத்தடை ஏற்றி இறக்கினால் எங்கே தொடுகிறது என்று களிமண் காட்டிவிடும். டயருக்கும் பாடிக்கும் 10 மி.மீ.யாவது மிஞ்ச வேண்டும்.

மைனரில் பின் விங்கின் விளிம்பு தாழ்வாக இருக்கும். டயர் ஓடும்போது உரசாமல் இருந்தாலும் கழற்றும்போது வெளியே வராமல் போகலாம். காற்று இறங்கிய டயரைச் சாலையோரம் கழற்ற முடிகிறதா என்று வீட்டிலேயே ஒரு முறை செய்து பாருங்கள். முன்பக்கம் ஸ்டியரிங்கை இரு முனைக்கும் திருப்பி, உள்பக்கம் சஸ்பென்ஷன் கைகளிலும் பிரேக் ஹோஸிலும் தொடுகிறதா என்று பார்ப்பது இரண்டு காருக்கும் பொது.

11. டியூப், காற்று, பேலன்சிங்

பழைய ரிம்மில் டயர் விளிம்பைப் பிடித்து நிறுத்தும் மேடு கிடையாது. ட்யூப்லெஸ் டயரானாலும் டியூப் போட்டே ஓட்டுங்கள். ரேடியலுக்கான, அளவு சரியான டியூப். ஸ்போக் வீலானால் ரிம் டேப்பும் வேண்டும். வால்வ் ஓட்டையை அளந்து பாருங்கள்: 11.5 மி.மீ.யும் உண்டு, 16 மி.மீ.யும் உண்டு. பெரிய ஓட்டையில் சிறிய வால்வைப் போட்டால் அது ஆடி ஆடி அடியில் அறுபடும்.

நான்கிலும் ரேடியல் போடுங்கள். முன்னால் ரேடியல், பின்னால் பழைய நைலான் (குறுக்கு இழை) டயர் என்று கலந்தால் பின்பக்கம் சுழன்று போகும். ஹெரால்டுக்கு முன் 22, பின் 26 பி.எஸ்.ஐ. வைத்துத் தொடங்கலாம். பஞ்சர் கடையில் நாலிலும் 32 அடித்துவிடுவார்கள், ஊஞ்சல் ஆக்ஸில் வண்டியில் பின்னைவிட முன்னால் பிடி கூடக் கூடாது.

பேலன்சிங் மெஷினில் நடு ஓட்டையில் கூம்பு வைத்துப் பிடிப்பது வழக்கம். இந்த வீல்களை மையத்தில் நிறுத்துவது நட்டுக் கூம்புகள், நடு ஓட்டை அத்தனை துல்லியமானதில்லை. ஸ்டட் ஓட்டைகளில் பிடிக்கும் தட்டு வைத்திருக்கும் கடையாகப் பாருங்கள். இல்லாவிட்டால் பேலன்ஸ் செய்த பிறகும் 70 கி.மீ. வேகத்தில் ஸ்டியரிங் ஆடும்.

12. முறுக்கு, முதல் ஓட்டம்

ஹப் முகத்தையும் வீல் முகத்தையும் கம்பி பிரஷால் சுத்தம் செய்து, நட்டுகளைக் கையால் முழுக்க ஏற்றி, எதிரெதிராக இறுக்குங்கள். 3/8 ஸ்டட்டுக்கு 50 முதல் 60 நியூட்டன் மீட்டர் போதும். டயர் கடையில் காற்றுத் துப்பாக்கி வைக்க விடாதீர்கள். அது இன்றைய காரின் எம்12 நட்டுக்காக வைத்த விசை, 3/8 ஸ்டட்டை இழுத்து நீட்டிவிடும். நீண்ட ஸ்டட் அன்றைக்கு உடையாது, பின்னொரு நாள் உடையும்.

முதல் 60 கி.மீ. சமவெளியில் நிதானமாக ஓட்டிவிட்டு, வீல் ஆறிய பிறகு மறுபடி டார்க் ரெஞ்ச் வையுங்கள். புதுப் பூச்சுள்ள வீலில் நட்டு கால் சுற்று வரை ஏறினால் ஆச்சரியமில்லை. 200 கி.மீ.யில் இன்னொரு முறை பாருங்கள். இரண்டாவது முறையும் ஏறினால் பூச்சு கூம்புக்குள் போயிருக்கிறது. வீலைக் கழற்றிக் கூம்பைச் சுரண்டுங்கள்.

அதற்குப் பிறகே மலை. பண்ணாரியிலிருந்து திம்பம் ஏறும் 27 கொண்டை ஊசி வளைவுகளில் முழு ஸ்டியரிங்கும் முழுப் பாரமும் சேர்ந்து வரும், சமவெளியில் தெரியாத உரசல் அங்கே தெரியும். நாலு பேரை ஏற்றிக்கொண்டு போங்கள். உச்சியில் நிறுத்தி விங்குகளின் உள்பக்கமும் டயரின் தோள்பட்டையும் பளபளப்பாகத் தேய்ந்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். இறங்கி வந்ததும் ஒவ்வொரு வீலின் நடுவிலும் புறங்கையை அருகே கொண்டுபோங்கள். ஒன்று மட்டும் மற்றவற்றைவிட அதிகமாகச் சுட்டால் அந்த மூலையின் பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது, அல்லது பேரிங் இறுகியிருக்கிறது. அதைச் சரிசெய்யும் வரை அந்த வண்டியை நீண்ட தூரம் எடுக்க வேண்டாம்.